எல்லா நம்பரும் சரியாத்தான் இருந்துச்சு

சார், ஒரு நிமிசம். உங்க சட்டைப் பையில பேனா இருக்கு. அதைப் பாத்துட்டுத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன். காலையில இருந்து இந்த வார்டு வாசல் பெஞ்சுல உக்காந்து போற வாறவங்க சட்டைப் பையையே பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாரும் போனைத்தான் வச்சிருக்கான். பேனாவோட வந்த ஆளு நீங்க ஒருத்தருதான்.

எந்திரிக்காதீங்க சார். காசு கேக்க வரலை. ஒரு உதவி, அஞ்சு நிமிச வேலை.

உங்க வீட்டம்மாவுக்கு ஏழாம் நம்பர் கட்டில்தானே? கையில மாவுக்கட்டு. நேத்து நீங்க பிளாஸ்க்குல காப்பி கொண்டுபோனதைப் பாத்தேன். அதுக்கு ரெண்டு கட்டில் தள்ளி ஒன்பதாம் நம்பர். இடது காலைத் தூக்கிக் கட்டியிருக்கும், பச்சைப் போர்வை. அவ பேரு சீனியம்மா. நீங்க அவகிட்டப் போகணும். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுவேன். அதைக் கேட்டு, அவ என்ன சொல்றாளோ அதை ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டு வரணும். நான் எட்டாப்பு வரை படிச்சிருக்கேன், வாசிச்சிருவேன்.

நீயே போய்க் கேட்டா என்னங்கிறீங்க. அதானே கேட்டீங்க? உதடு அப்படித்தான் அசைஞ்சுது. பேசினா என் மூஞ்சியைப் பாத்துப் பைய பேசுங்க சார். இல்லைன்னா தலையை மட்டும் ஆட்டுங்க, அது போதும்.

எனக்குக் காது கேக்காது.

சொல்லிட்டேன். வாயைத் தொறந்து ஒரு ஆளுகிட்ட இதைச் சொல்றது இதுதான் மொதத் தடவை. என் வீட்டுக்காரிக்கே தெரியாது. மில்லு மொதலாளிக்குத் தெரியாது. வேன்ல வாற பொம்பளைங்க இருபத்திரெண்டு பேரு, ஒருத்திக்கும் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமாம்பாங்க. நான் ரெண்டு வருசமா மறைச்சுக் காட்டியிருக்கேன்.

சத்தமாப் பேசுறேனோ? அந்தம்மா திரும்பிப் பாக்குது. குறைச்சுக்கிடுறேன். என் சத்தம் எனக்கே தெரியாது, அதான் பெரிய பாடு.

பேரு வெயிலுமுத்து. நூல் மில்லு வேன் ஓட்டுறேன். இருபத்தாறு வருசம். விடியக்காலம் நாலு ஊரு சுத்திப் பொம்பளைங்களை ஏத்திக்கிட்டு, ஏழு மணிச் சங்குக்கு முன்னால மில்லுல இறக்கணும். சங்கு ஊதினா கேட்டை அடைச்சிருவான். அடைச்சா அன்னைக்குப் பொழப்பு போச்சு. இந்த இருபத்தாறு வருசத்துல என் வண்டியில வந்தவ ஒருத்தி கேட்டுக்கு வெளிய நின்னதில்லை சார். புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வாறேன்னா நிப்பேன். தலை ஈரம் காயலைன்னா நிப்பேன். மத்த வேன்காரன் எவனும் நிக்க மாட்டான்.

வண்டி பழைய வண்டி. தொண்ணூத்தி மூணு மாடல். இப்போ வாற வண்டிகள்ல இன்ஜின் தனியா மூஞ்சியில இருக்கும். நம்ம வண்டியில டிரைவருக்கு இடது கைப்பக்கமே இன்ஜின். மேல ஒரு தகரப் பெட்டியைக் கவுத்து வச்ச மாதிரி பானெட்டு. இருபத்தாறு வருசம் அது என் இடது காதுகிட்டயே கத்தியிருக்கு. மொதல்ல இடது காது போச்சு. பொறவு வலது காதும் அது பின்னாலயே போயிருச்சு.

போனதே எனக்குத் தெரியலை. எப்பத் தெரிஞ்சுதுன்னு கேளுங்க. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு மாஸ்க்கு போட்டாங்க பாருங்க, அந்த வருசம். திடீர்னு ஊரே ஊமையாப் போச்சு. என்னடா எல்லாரும் முணுமுணுக்கிறானுகன்னு எனக்குக் கோவமா வரும். அப்புறந்தான் புரிஞ்சுது, நான் அதுவரைக்கும் கண்ணாலதான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். இங்க பாருங்க, நர்சம்மா பூராப் பேரும் மாஸ்க்கு. மூணு நாளா நான் கேக்கிறதுக்கு அவங்க பதில் சொல்றாங்க. என்ன சொல்றாங்கன்னு எனக்குத் தெரியலை. செவிடன் காதுல சங்கு ஊதினாப்பலன்னு சொலவடை சொல்றானே, ஊதுறவன் கன்னம் உப்புறது செவிடனுக்குத் தெரியும் சார். சத்தம் மட்டுந்தான் வராது.

மதுரையில ஒரு கடையில போய்க் காது மிஷினு போட்டுப் பாத்தேன். வீட்டுல இருக்கையில சரி. வண்டியில ஏறி இன்ஜினைப் போட்டா, தகரக் கொட்டகையில மழை பேஞ்ச மாதிரி ஒரே இரைச்சல். பேச்சும் இல்லை, இன்ஜினும் இல்லை. அதோட, மிஷினு மாட்டிக்கிட்டுப் போனா எவனாவது டிரைவர் சீட்டுல உக்கார விடுவானா? பீரோவுக்குள்ள போட்டுட்டேன்.

நான் ஓட்டிருவேன் சார். கண்ணு கழுகு மாதிரி. ரோட்டைப் பொறுத்தவரைக்கும் காது என்னத்துக்கு? ஆனா இன்ஜினுக்குக் காது வேணும். பழைய வண்டி, மீட்டர் எல்லாம் செத்துப் பல வருசமாச்சு. டிரைவர் காதுதான் மீட்டர். சத்தத்தை வச்சுத்தான் கியர் மாத்தணும், சத்தத்தை வச்சுத்தான் சூடாகுதான்னு பாக்கணும். ஒரு நாள் வண்டி ஓடிக்கிட்டு இருக்கையிலேயே, நின்னுபோச்சுன்னு நினைச்சு மறுபடியும் சாவியைத் திருப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் கேக்கலை. திரும்பிப் பாத்தா பொம்பளைங்க எல்லாம் பல்லு கூசின மாதிரி மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு இருக்காங்க. ஸ்டார்ட்டர் பல்லு நொறுங்கிப் போச்சு. ஒரே மாசத்துல ரெண்டு தடவை. ரெண்டாவது கியர்லயே நாலு கிலோமீட்டர் கதறவிட்டு ஓட்டியிருக்கேன். மில்லு மெக்கானிக்கு, “என்னண்ணே, தூங்கிக்கிட்டு ஓட்டுறீரா?”ன்னான்.

அப்பத்தான் மரியதாசைப் பிடிச்சேன். ஆட்டோ எலக்ட்ரீசியன், மூளைக்காரன். புது வண்டிகள்ல டிவி மாதிரி ஸ்கிரீன்ல எல்லாம் காட்டுதே, அது மாதிரி என் வண்டிக்குப் பண்ணிக் குடுய்யான்னேன். சிரிச்சான். “அண்ணே, புது வண்டியில கம்ப்யூட்டர் இருக்கு, அதுல சொருகினாச் சொல்லிரும். உம்ம வண்டியில என்ன இருக்கு, இரும்புதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒயர் இழுக்கணும்”னான். இழுன்னேன். டைனமோவுல இருந்து ஒரு ஒயர், அது நிமிசத்துக்கு எத்தனை சுத்துன்னு சொல்லும். ரேடியேட்டர் குழாய்கிட்ட ஒண்ணு, அது சூடு. ஆயிலுக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு. எல்லாத்தையும் ஒரு சின்னப் பெட்டியில சேத்து, போன் அளவுக்கு ஒரு ஸ்கிரீனை பானெட்டு மேல ஒட்டிக் குடுத்தான். பச்சை எழுத்து. எல்லை தாண்டினா சிவப்பு.

மொத நாள் சாவியைத் திருப்பினதும் எழுநூறுன்னு வந்து நின்னுச்சு பாருங்க, அழுதுட்டேன் சார். எழுநூறு சுத்து. இன்ஜின் ஓடுது. எனக்குக் கேக்குது. கண்ணு வழியாக் கேக்குது. ஆயிரத்தி எண்ணூறுக்கு வந்தாக் கியரை ஏத்து, ஆயிரத்துக்குக் கீழ போனா இறக்கு. எண்பத்தி நாலு டிகிரின்னா இன்ஜின் சும்மா ராஜா மாதிரி ஓடுதுன்னு அர்த்தம். மொதலாளிகிட்ட டீசல் மிச்சமாகும்னு சொல்லி வச்சேன். நெசமாவே மிச்சமாச்சு! மத்த டிரைவருகளைக் கூட்டிட்டு வந்து, “வெயிலுமுத்துவைப் பாருங்கடா, இந்த வயசுல எவ்வளவு அக்கறை”ன்னு காட்டினாரு. நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

அதுல இருந்து எல்லாமே நல்லாத்தான் போச்சு. வீட்டுலகூட நிம்மதி. என் வீட்டுக்காரி முன்னெல்லாம் வாய் ஓயமாட்டா. இப்ப ரெண்டு வருசமாச் சண்டையே இல்லை. கடைக்குப் போகச் சொன்னாக்கூடச் சீட்டுல எழுதிக் கையில குடுத்துருவா. கேட்டா, வயசாகுதுல்ல, மறந்துபோயிருது, எழுதித் தாறேன்னு அதையும் எழுதிக் காட்டினா. வேன் பொம்பளைங்களும் அப்படித்தான். எதுவும் சொல்லணும்னா முன்னாடி வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு, நிறுத்தி நிதானமாச் சொல்லுவாங்க. பின்னாடி இருந்து கத்துறது கிடையாது. இந்தக் காலத்துல யாரு சார் டிரைவருக்கு அவ்வளவு மரியாதை குடுக்கா?

இந்தச் சீனியம்மா ஒருத்தியைத் தவிர.

அவளைக் குறையாச் சொல்லலை. நல்ல பொம்பளை. புருசன் இல்லை, மகளைக் கட்டிக் குடுத்துட்டா, தனியா இருக்கா. எப்பவும் முன்சீட்டுதான், பானெட்டை ஒட்டி. ஆனா கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா. தூக்குச்சட்டி மூடியை வச்சு பானெட்டுல டக்குன்னு ஒரு தட்டு. கொஞ்ச நேரங் கழிச்சு டக்கு டக்குன்னு ரெண்டு. எனக்குச் சத்தம் கேக்காது, ஆனா அதிர்வு இடது முழங்காலுல ஏறும். எரிச்சலா வரும். ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கிக் கண்ணாடியைப் பாப்பேன். பாத்தா, பின்னாடி ஏதாவது லாரிக்காரன் வழி கேட்டு லைட்டைப் போட்டுக்கிட்டு நிப்பான். சரி போன்னு ஒதுங்கி விடுவேன். இன்னொரு நாள் தட்டுவா, முறைக்கலாம்னு திரும்புவேன், பாத்தா எவளாவது ஒருத்தி சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வண்டிக்கு ஓடி வருவா. நிறுத்தி ஏத்திக்கிடுவேன். அந்த வேலையில இவளை வைய மறந்துருவேன். இப்படியே ரெண்டு வருசம் தப்பிச்சுக்கிட்டா.

போன மாசந்தான் ஸ்கிரீன்ல தகராறு ஆரம்பிச்சுது. அவ தட்டினா நம்பர் ஒரு துள்ளு துள்ளும். ஒயரு எங்கயோ தளர்ந்துருச்சு. டக்குன்னா எழுநூறு, டக்கு டக்குன்னா பூஜ்யம். சார், உங்களுக்கு அது விளையாட்டு. எனக்கு அந்தப் பூஜ்யத்தைப் பாத்தா மூச்சு நின்னுபோகும். இருட்டுல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவன் திடீர்னு கையை விட்டா எப்படி இருக்கும்? மரியதாசுகிட்டப் போனேன். அவன், “அண்ணே, யாரும் தட்டாமப் பாத்துக்கிடும், அது போதும்”னான்.

மறுநா காலையில ஓடைப்பாலம் ஏறுறேன். அவ தட்டினா. ரெண்டு தட்டு. ஸ்கிரீனு செத்துப்போச்சு, பூராவும் கறுப்பு. நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். வாயில வந்ததை எல்லாம் பேசினேன். என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது, எம்புட்டு சத்தமாப் பேசினேன்னும் தெரியாது. “உனக்கு கை நமச்சல் எடுத்தா உன் வீட்டுல போய்த் தட்டு. இனிமே முன்னாடி வந்து உக்காந்தா இறக்கி விட்ருவேன். பின்னாடி போ”ன்னேன். அவ என்னமோ சொல்ல வந்தா. உதடு நடுங்கினதுல எனக்குப் பிடிபடலை. கண்ணாடியில பாத்தா அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டு இருக்காளுக. ஒருத்தி, பொன்னுக்கனின்னு பேரு, எந்திரிச்சு வந்து, “அண்ணாச்சி, வேண்டாம் அண்ணாச்சி, அது இங்கனயே இருக்கட்டும்”னு கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கு வீம்பு. போன்னா போதான்.

சீனியம்மா தூக்குச்சட்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போனா. கடைசி சீட்டு, கதவை ஒட்டி. முன்சீட்டுல என் மதிய சாப்பாட்டுப் பையை வச்சுக்கிட்டேன். ஒயரை அமுக்கி விட்டதும் ஸ்கிரீன் திரும்ப எரிஞ்சுது, பொறவு அசையலை. நாலு நாளு ஒரு தட்டு கிடையாது. நாலு நாளு, ஒரு நம்பர் துள்ளலை.

அஞ்சாம் நாளு.

சார், எங்கயும் போயிராதீங்க. இன்னுங் கொஞ்சந்தான்.

அந்த வாரம் ஊருல அம்மன் கோயிலுக்குப் பொங்கல் சாட்டியிருந்தாங்க. பொம்பளைங்களுக்கு வேன்லயே கொண்டாட்டம். தினம் வண்டியில குலவை போட்டுப் பழகுவாங்க. எனக்குக் கேக்காது, கண்ணாடியில பாத்தாத் தெரியும். இருபது வாயும் ஒண்ணா திறந்திருக்கும். நானும் கேட்ட மாதிரிச் சிரிச்சு வைப்பேன்.

அன்னைக்குக் கடைசி ஊரு. எல்லாம் ஏறியாச்சு. கண்ணாடியைப் பாத்தேன், கதவுகிட்ட யாரும் இல்லை. எடுத்தேன். எழுநூறு, ஆயிரம், ஆயிரத்தி நானூறு. எண்பத்தி நாலு டிகிரி. ஆயில் சரி. பேட்டரி பதிமூணு புள்ளி எட்டு. எல்லா நம்பரும் சரியாத்தான் இருந்துச்சு சார். ஒரு நம்பர்கூடத் தப்பில்லை. இன்னைக்கும் கண்ணை மூடினா அந்த நம்பர்தான் தெரியுது.

கண்ணாடியில பாத்தேன். அத்தனை வாயும் திறந்திருக்கு. குலவை போடுறாளுகன்னு நினைச்சேன்.

சிரிச்சேன் சார். கண்ணாடியைப் பாத்துச் சிரிச்சேன்.

கியரை ஏத்தினேன். அப்பத்தான் பொன்னுக்கனி பாஞ்சு வந்து என் தோளைப் பிடிச்சு உலுக்கினா. பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சேன். எல்லாரும் எறங்கி ஓடுறாங்க. நானும் எறங்கி ஓடினேன். பின்சக்கரத்துக்கிட்டச் சீனியம்மா கிடக்கா.

பொறவு ஒவ்வொருத்தியாக் கையைக் காலை ஆட்டிச் சொன்னதுல நான் கோத்துக்கிட்டது இதுதான். செல்வராணின்னு ஒரு பொண்ணு, மாசமா இருக்கு, அது லேட்டா ஓடி வந்திருக்கு. நான் கண்ணாடியில பாக்கையில அது சந்துக்குள்ள இருந்திருக்கு. சீனியம்மா கடைசி சீட்டுல இருந்து கூப்பாடு போட்டிருக்கா. வண்டி நிக்கலை. கதவைத் திறந்து படியில ஒரு காலை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணைக் கையைக் குடுத்துத் தூக்கப் போயிருக்கா. நான் கியரை ஏத்தினேன்ல, அந்தக் குலுக்கல்ல விழுந்துட்டா. அந்தப் பொண்ணுக்கு ஒரு கீறல் இல்லை.

நீங்களே சொல்லுங்க, இவளை யாரு படியில எறங்கச் சொன்னா? வண்டி ஓடையில படியில நிக்கக் கூடாதுன்னு தகரத்துல எழுதிப் போட்டிருக்கு. எம்மேல என்ன தப்பு? ஸ்கிரீனை மட்டும் அவன் ஒழுங்கா ஒட்டியிருந்தா, நான் அவளைப் பின்னாடி அனுப்பியிருக்க மாட்டேன். அவ பாட்டுக்குத் தட்டிக்கிட்டு முன்னாடியே உக்காந்திருப்பா. மரியதாசு ஒயரைச் சரியா முறுக்கியிருந்தா இந்தச் சேதாரமே இல்லை. இல்லையா? தலையை ஆட்டுங்க சார்.

ஆட்ட மாட்டேங்கிறீங்க.

சரி, விசயத்துக்கு வாறேன். நேத்து ஏட்டையா வந்தாரு. அவ கட்டில்கிட்ட நின்னு ஒரு பக்கம் பூரா எழுதினாரு. நான் வாசல்ல நின்னு பாத்தேன். அவ மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சு, உதடு தெரியலை. தாடை மட்டும் அசையுது. எம்புட்டு நேரம் பேசினாங்கிறீங்க? அம்புட்டு நேரம். என்ன சொன்னா? அதுதான் சார் எனக்கு வேணும். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. டிரைவருக்குக் காதுல கோளாறு, கூப்பிட்டும் நிறுத்தலைன்னு அவ சொல்லியிருந்தா எனக்கு ஜெயிலு. லைசென்ஸ் போச்சு. அவளுக்குத் தெரியாது, ஆனாச் சந்தேகம் வந்திருக்கும்ல, அவ்வளவு கத்தியும் நிக்கலையேன்னு. சீட்டை விட்டு எறங்கினா நான் யாரு சார்? வீட்டுல ஒரு மூலையில உக்காந்து, நாலு பேரு வாயசைக்கிறதைப் பாத்துக்கிட்டு இருக்கிற கெழவன். அதுக்கு அவ கிடக்கிற கட்டில்ல நான் கிடந்திருக்கலாம்.

மூணு ராத்திரியாத் தூங்கலை. சோறு எறங்கலை. உங்க காலைப் பிடிச்சுக்கிடுறேன் சார். அவகிட்டப் போய், போலீசுல என்ன சொன்னான்னு கேளுங்க. காது விசயத்தைச் சொல்லிட்டாளான்னு கேளுங்க. சொல்லலைன்னா, ஸ்கிரீனு அணைஞ்சு போயிருச்சு, டிரைவர் அதைப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு சொல்லச் சொல்லுங்க. பாதி நெசந்தானே. என் காது விசயத்தை மட்டும் நீங்க வாயைத் திறந்து சொல்லிராதீங்க. உங்களை நம்பித்தான் சொல்லியிருக்கேன். ஆறு மணிக்கு வாட்ச்மேன் கதவை அடைச்சிருவான். இந்தாங்க, ஆஸ்பத்திரிச் சீட்டு, பின்பக்கம் வெள்ளையா இருக்கு. இதுல எழுதுங்க. போங்க சார். நல்லா இருப்பீங்க.

*

வந்துட்டீங்களா. என்ன சார், இம்புட்டு நேரம். ஏன் மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு? குடுங்க. குடுங்க சார்.

எழுத்து நல்லா இருக்கு. வாசிக்கிறேன்.

“நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம் சார். அண்ணாச்சி பேசினது பூராவும் இங்க வார்டுக்கே கேட்டுச்சு.”

பூராவுமா?

கதவு சாத்தித்தானே இருந்துச்சு. நான் பையத்தானே பேசினேன்... பூராவுமா கேட்டுச்சு?

“போலீசுகிட்ட நான் கால் தவறி விழுந்தேன்னுதான் சொல்லியிருக்கேன். டிரைவர் மேல தப்பில்லைன்னு கைநாட்டு வச்சிருக்கேன். வேன்ல இருந்த எல்லாரும் அப்படியேதான் சொல்லுவாங்க. அண்ணாச்சிக்குக் காது கேக்காதுன்னு எங்க எல்லாருக்கும் ரெண்டு வருசமாத் தெரியும். அவரு வீட்டுல மதினிதான் என்கிட்ட வந்து, முன்னாடி உக்காந்து பாத்துக்கோன்னு சொன்னாங்க.”

இருங்க. கண்ணு மறைக்குது.

“பானெட்டுல ஒரு தட்டுத் தட்டினா, பின்னாடி வண்டி ஹாரன் அடிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு தட்டுன்னா நிறுத்துங்கன்னு அர்த்தம். பொன்னுக்கனிக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். இனிமே அவளை முன்சீட்டுல வச்சுக்கிடச் சொல்லுங்க. அவளையும் பின்னாடி அனுப்பிரக் கூடாது.”

அவ்வளவுதானா சார்? திருப்பிப் பாத்துட்டேன், அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லை.

நான் பாத்தேனே சார். அவ தட்டினா நான் கண்ணாடியைப் பாத்தேனே. லாரி நின்னுச்சு, ஒதுங்கினேன். ஆளு ஓடி வந்துச்சு, நிறுத்தினேன். ரெண்டு வருசம். ஒரு நாள்கூட எனக்குத் தோணலையே. அன்னைக்கு ஓடைப்பாலத்துலயும் ரெண்டு தட்டுத்தான் தட்டினா. அப்பவும் ஏதோ இருந்திருக்கு. நான் பச்சை நம்பரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நம்பரைப் பாத்து ஓட்டினேன்னு நினைச்சேன். அவதான சார் ஓட்டியிருக்கா. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

காலைப் பத்தி ஒண்ணும் எழுதலையே. அவ காலு எப்படி இருக்காம்? நீங்க கேக்கலையா?

நான் கேக்கச் சொல்லலை.

மூணு நாளா இந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கேன், இன்னைக்குக் காலையில இருந்து பேனா தேடியிருக்கேன். போலீசுல என்ன சொன்னா, போலீசுல என்ன சொன்னான்னு. காலு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்கன்னு உங்ககிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலையே. அதையும் அவ கேட்டிருப்பாளே, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து.

என்ன சொல்றீங்க? திரும்பச் சொல்லுங்க, பைய. நாளைக்குக் காலையில... முழங்காலுக்குக் கீழ எடுத்து...

போதும். புரிஞ்சுபோச்சு. உதட்டை அசைக்காதீங்க.

மணி என்ன? அஞ்சு அம்பதா? அப்போ நேரம் இருக்கு. பேனாவைப் பையில சொருகிக்கோங்க சார், எனக்கு இனி எழுத்து வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷன்ல, எனக்குக் காது கேக்காது, அவ கத்தினது கேக்கலைன்னு நானே சொல்லிக்கிடுறேன். சத்தமாச் சொல்றதுக்குத்தான் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாமே. எனக்காக இருபத்திரெண்டு பொம்பளைங்க பொய் சொல்ல வேண்டாம். இந்தா பாருங்க வண்டிச் சாவி, மூணு நாளா இதை மடியிலயே கட்டிக்கிட்டு அலையுறேன். இதை அவ தலைமாட்டுல வச்சிருவேன்.

அவகிட்ட என்ன பேசன்னு எனக்குத் தெரியாது. பேசினாலும் அவ பதில் எனக்குக் கேக்காது. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாலும் திருப்பிக்கிடட்டும். நான் கட்டில் கம்பியில ரெண்டு தட்டுத் தட்டுவேன். அவளுக்குப் புரியும்.